ஜப்பானில் தொழில்முறை மாஜோங்: புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

யூடியூபில் ஜப்பான் மாஜோங் ஆட்டத்தின் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் பிடிபடவில்லையே" என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு பேர் வெவ்வேறு அணிச் சட்டையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரைப் பற்றித் தேடினால் அணியின் பெயரோடு வேறொரு சங்கத்தின் பெயரும் வருகிறது. அதே ஆள் இன்னொரு நாள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, தன் அணித் தோழரையே எதிர்த்து ஆடுகிறார். புள்ளிக்கணக்கும் இரண்டு இடத்தில் இரண்டு விதம். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்பிப் போய் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் மாஜோங் புரோ என்றால் ஒரு புரோ சங்கத்தின் தேர்வில் தேறி அதன் உறுப்பினராக இருப்பவர். அரசு தரும் உரிமம் எதுவும் இல்லை. சம்பளம் வாங்கினால்தான் புரோ என்பதும் இல்லை. அணி, ஒப்பந்தம், நேரலை எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. சங்கத்திலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

முதல் படி: ஆட்டத்தைப் பார்க்கும் அளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள்

கணினியில் ஒரே மாதிரிக் காய்களை ஜோடியாக நீக்கும் விளையாட்டுக்கும் இதற்கும் காய்களின் படம் தவிர ஒரு தொடர்பும் இல்லை. இது நால்வர் ஆட்டம். மொத்தம் 136 காய்கள்: 34 வகை, ஒவ்வொன்றிலும் நான்கு. ஒன்று முதல் ஒன்பது வரை எண் உள்ள மூன்று இனங்கள், நான்கு திசைக் காற்றுகள், வெள்ளை, பச்சை, சிவப்பு என்ற மூன்று. ஆளுக்கு 13 காய்கள் கையில். ஒன்றை எடு, ஒன்றைக் கழி. மும்மூன்றாக நான்கு தொகுதியும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் கை முடிந்தது.

ஆனால் அப்படிச் சேர்த்தால் மட்டும் போதாது. 'யாகு' என்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். எல்லா யாகுவையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் பார்ப்பேன் என்று உட்காராதீர்கள். ரீச்சி ஒன்று தெரிந்தால் முதல் மாதம் ஓடிவிடும். பிறர் கழித்த காயைக் கேட்டு வாங்காமல் கையை மூடியே வைத்து, இன்னும் ஒரு காய் வந்தால் முடியும் என்ற நிலைக்கு வந்தவர் 1,000 புள்ளியை மேசையில் வைத்து "ரீச்சி" என்று அறிவிக்கலாம். அதற்கு மேல் கையை மாற்ற முடியாது. மற்ற மூவரும் அந்த நொடியிலிருந்து தாக்குவதா தற்காப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும்.

தற்காப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? இன்னொருவர் கழித்த காயில் ஒருவர் கையை முடித்தால், கழித்தவர் தனியாக முழுத் தொகையும் கொடுக்க வேண்டும். தானே எடுத்த காயில் முடித்தால் மூவரும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். அதோடு, தன் கையை முடிக்கக்கூடிய காயைத் தானே முன்பு கழித்திருந்தால், பிறர் கழிக்கும் காயில் முடிக்க அவருக்கு உரிமை இல்லை. எனவே ரீச்சி சொன்னவர் தன் முன்னே கழித்து வைத்திருக்கும் காயை நாம் கழித்தால் அவரிடம் மாட்ட மாட்டோம். கழித்த காய்களை ஆறாறாக வரிசையாய் அடுக்குவது இதற்காகத்தான். வர்ணனையாளர்கள் பாதி நேரம் பேசுவது அந்த வரிசைகளைப் பற்றியே. கண்ணை அங்கே வைக்கப் பழகுங்கள்.

இரண்டாம் படி: புள்ளிக்கணக்கைக் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள்

கிழக்குச் சுற்று, தெற்குச் சுற்று இரண்டும் முடிந்தால் ஒரு ஹான்சான். எம் லீக்கில் (நிறுவனங்கள் நடத்தும் அணிகள் மோதும் லீக்; ஆறாம் படியில் வரும்) ஒவ்வொருவரும் 25,000 புள்ளியோடு தொடங்குவார்கள். முடிந்ததும் 30,000-ஐக் கழித்து, ஆயிரத்தால் வகுத்து, பிறகு இடத்துக்கான புள்ளியைச் சேர்ப்பார்கள்: முதலிடத்துக்கு +50, இரண்டாமிடத்துக்கு +10, மூன்றாமிடத்துக்கு −10, கடைசிக்கு −30.

ஓர் ஆட்டம் 42,300, 28,400, 19,700, 9,600 என்று முடிந்ததாக வைத்துக்கொள்வோம். முதல்வருக்கு 12.3-உடன் 50 சேர்ந்து +62.3. இரண்டாமவர் 30,000-க்குக் கீழே 1.6 குறைவு, 10 சேர்ந்து +8.4. மூன்றாமவருக்கு −20.3. கடைசியாளுக்கு −50.4. நான்கையும் கூட்டினால் பூஜ்யம் வரும். வராவிட்டால் எங்கோ தப்பு.

முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவில் மட்டும் 40 இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். கடைசிக் கையில் இரண்டாமிடத்தில் இருப்பவர் ஆபத்தை உதறிவிட்டுப் பாய்வது இதனால்தான்.

இப்போது அடுத்த விஷயம். இந்தக் கணக்கு எல்லாப் போட்டிக்கும் பொது அல்ல. சைகோயிசென் சங்கத்தின் லீக்கில் 30,000-இல் தொடங்குவார்கள். இடப்புள்ளி +30, +10, −10, −30. அங்கே முதலிடம் இவ்வளவு பெரிய வெகுமதி அல்ல. ரென்மெய் சங்கத்தின் ஏ-விதியில் முதலிடத்துக்குக் கிடைக்கும் இடப்புள்ளி அதிகபட்சம் 12 தான். எத்தனை பேர் 30,000-க்கு மேலே முடித்தார்கள் என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். அந்த விதியில் ரீச்சி சொன்ன உடனே முடித்தால் வரும் கூடுதலோ, ரீச்சிக்காரர் முடித்த பின் திருப்பிப் பார்க்கும் மறைவுப் போனஸ் காயோ, போனஸ் தரும் சிவப்பு நிற ஐந்தாம் எண் காயோ எதுவுமே கிடையாது. எம் லீக்கில் மூன்றும் உண்டு. ஆகவே ஒரே வீரர் வியாழக்கிழமை துணிந்து ரீச்சி சொன்ன அதே மாதிரிக் கையை, சங்க லீக்கில் பேசாமல் வைத்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பார்க்க உட்காரும் முன் "இது எந்த விதி?" என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

மூன்றாம் படி: ஐந்து சங்கங்களையும் அடையாளம் காணுங்கள்

கதை 1976-இல் தொடங்குகிறது. மாஜோங் இதழ் வெளியிட்டுவந்த தகேஷோபோ பதிப்பகம் 'சைகோயிசென்' என்ற பட்டப்போட்டியை அந்த ஆண்டு ஆரம்பித்தது. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய சைகோயிசென் நிஹோன் புரோ மாஜோங் கியோகாய். 1981-இல் நிஹோன் புரோ மாஜோங் ரென்மெய் பிறந்தது. அதன் முதல் தலைவர் கோஜிமா தகேயோ, தொலைக்காட்சி வழியாக மாஜோங்கை வீடுகளுக்குக் கொண்டுபோன மனிதர். 2018-இல் காலமானார். அதாவது எம் லீக் தொடங்கிய அதே ஆண்டில்.

மற்ற மூன்றும் பிரிந்து வந்தவை. 1997-இல் இடே யோசுகே என்ற வீரர் முன்னின்று அமைத்தது மாஜோங் ரெங்கோ மியூ. 2001-இல் சைகோயிசென்னிலிருந்து ஒரு பகுதி வெளியேறி நிஹோன் புரோ மாஜோங் கியோகாய் ஆனது. பெயர் ஒற்றுமையைப் பார்த்துக் குழம்பாதீர்கள்; ரசிகர்கள் வெறும் 'கியோகாய்' என்றால் இதைத்தான் சொல்கிறார்கள். 2007-இல் ரென்மெய்யிலிருந்து தாய் தகஹாரு என்ற வீரர் உள்ளிட்ட சிலர் விலகி ஆர்.எம்.யு. அமைத்தார்கள். இந்தத் தகஹாருதான் பின்னால் எம் லீக்கின் முதல் பருவத்தில் தனிநபர் புள்ளியில் முதலிடம் பிடித்தவர்.

ரென்மெய், சைகோயிசென், கியோகாய் மூன்றும் பெரியவை, ஆர்.எம்.யு.வும் மியூவும் சிறியவை. எல்லாம் சேர்த்தால் புரோக்கள் 2,000 பேருக்கு மேல். ஒரு சங்கம் பெரிதா சிறிதா என்பதை வைத்து வீரரை எடைபோட வேண்டாம். நிதானத்துக்குப் பேர்போன கோபயாஷி கோ என்ற வீரர் மியூ சங்கத்துக்காரர்.

இந்தப் பிரிவுகளை உட்பகை என்று மட்டும் படித்தால் நஷ்டம் நமக்குத்தான் என்பது என் கருத்து. ஒவ்வொரு சங்கமும் "எந்த விதியில் ஆடினால் திறமை தெரியும்?" என்ற கேள்விக்குத் தனக்கென ஒரு பதில் வைத்திருக்கிறது. அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க ஒருவர் போனஸ்களை நீக்குகிறார். இன்னொருவர் நாடெங்கும் ஆடப்படும் ஆட்டத்தை ஒட்டியே இருக்க விரும்புகிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் அந்த விவாதத்தின் தடம்தான் இந்த விதிப்புத்தகங்கள்.

நான்காம் படி: ஏணியையும் பட்டங்களையும் பிரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு பெரிய சங்கத்துக்கும் உள்ளே ஒரு லீக் ஏணி உண்டு. உச்சியில் ஏ1, அதற்குக் கீழே ஏ2, பிறகு பி, சி, டி என்று இறங்கும். புதிய புரோ அடிமட்டத்தில்தான் நுழைவார். பருவ முடிவில் மொத்தப் புள்ளியைப் பார்த்து மேலே உள்ள சிலர் ஒரு படி ஏறுவார்கள், கீழே உள்ள சிலர் இறங்குவார்கள். மேல் பிரிவுகளில் ஒரு பருவம் என்பது ஏறக்குறைய ஓராண்டு, கீழ்ப்பிரிவுகளில் அரையாண்டு. சறுக்காமல் ஏறினாலும் ஏ1-ஐத் தொடப் பல ஆண்டுகள் ஆகும். பெயர் பெற்றவர்கள்கூட ஏ1-இலிருந்து விழுந்து, மீண்டும் ஏறி வந்திருக்கிறார்கள்.

ஏ1-இன் முதல் மூவர், நடப்புப் பட்டக்காரரோடு மோதுவது வழக்கம். ரென்மெய்யில் அந்தப் பட்டம் ஹோஓயி, சைகோயிசென்னில் சைகோயி, கியோகாயில் ஜாகுவோ. லீக்குக்கு வெளியே, சுற்றுமுறையில் நடக்கும் பட்டங்களும் உண்டு: ரென்மெய்யின் ஜூதான்யி, ஓயி போல. பெண்களுக்கென்று தனிப் பட்டங்கள் இருக்கின்றன. ஆனால் முக்கிய லீக்கில் ஆணும் பெண்ணும் ஒரே மேசைதான். 1989 முதல் நடக்கும் மாஜோங் சைக்யோசென் எல்லாச் சங்கத்தாரும் பிரபலங்களும் பொதுமக்களும் கலந்து ஆடும் போட்டி.

பட்டத்தின் இறுதிச்சுற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எனக்கு ஜப்பான் மாஜோங்கில் மிகப் பிடித்த பகுதி இதுதான். ஒரே நால்வர் பல நாள் தொடர்ந்து பல ஹான்சான் ஆடுவார்கள். புள்ளி மொத்தமாகக் கூடிக்கொண்டே போகும். கடைசி ஹான்சானில் ஆட்டமே வேறு உருவம் எடுக்கும். முன்னணியில் இருப்பவர் +120, துரத்துபவர் +60 என்று வையுங்கள். எம் லீக் கணக்கில், துரத்துபவர் முதலிடமும் முன்னணியாளர் மூன்றாமிடமும் வந்தால் இடப்புள்ளியிலேயே 60 அடைபடும். அதற்கு மேல் ஒரு சிறு வித்தியாசமே போதும். முன்னணியாளர் இரண்டாமிடத்தில் நின்றுவிட்டாலோ 20,000 புள்ளிக்கு மேல் இடைவெளி வேண்டும். அதே நிலை சைகோயிசென் விதியில் வந்தால், இரண்டாமிடத்தில் நிற்கும் முன்னணியாளரைத் தாண்ட 40,000-க்கு மேல் தேவை. ஆகவே துரத்துபவர் முன்னணியாளரோடு மட்டும் ஆடுவதில்லை. மற்ற இருவரில் ஒருவரை முன்னணியாளருக்கு மேலே ஏற்றிவிட்டாக வேண்டும் என்பதும் அவர் கணக்கில் சேரும். கிடைக்கும் கையை முடிக்காமல் விடுவதைக்கூடப் பார்ப்பீர்கள். அந்தக் கையின் மதிப்பு தேவைக்குக் குறைவு, அவ்வளவுதான்.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. வெல்ல வாய்ப்பே இல்லாமல் போன நான்காவது ஆள் என்ன செய்வது? அவர் சின்னக் கை ஒன்றை முடித்தால் பட்டம் யாருக்கு என்பதை அவரே தீர்மானித்தவராகிவிடுவார். பலர் அந்த நிலையில் மேசையின் போக்கில் கைவைக்காமல் ஒதுங்கி ஆடுகிறார்கள். கடைசிவரை தன் இடத்துக்காக ஆடுவதே மரியாதை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எழுதி வைத்த தீர்ப்பு இதற்கு இல்லை. முதல் இறுதிச்சுற்றைப் பார்க்கும்போது அந்த நான்காவது ஆளையும் கவனியுங்கள்.

ஐந்தாம் படி: புரோவின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது

சங்கத்தில் சேர எழுத்துத் தேர்வு, செய்முறை ஆட்டம், நேர்காணல் உண்டு. புள்ளி கணக்கிடத் தெரிய வேண்டும். இந்தக் கையில் எந்தக் காயைக் கழிப்பாய் என்று கேட்பார்கள். மேசை ஒழுக்கத்தையும் பார்ப்பார்கள். தேறிய பிறகு பணம் வருவதற்கு முன்னால் பணம் போகும். ஆண்டு உறுப்பினர் கட்டணமும் லீக்கில் ஆடும் கட்டணமும் வீரரே கட்டுவது. இகோ, ஷோகி என்ற பலகை விளையாட்டுகளின் புரோக்களுக்குப் பத்திரிகைகளின் ஆதரவால் ஆட்ட ஊதியம் கிடைக்கும் ஏற்பாட்டோடு இதை ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் பிழைப்பு? பலர் மாஜோங் கூடங்களில் வேலை செய்கிறார்கள், அல்லது விருந்தினர் புரோவாகப் போய் வாடிக்கையாளரோடு ஆடுகிறார்கள். சிலர் வகுப்பு எடுக்கிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள், நேரலையில் வர்ணனை செய்கிறார்கள். அலுவலக வேலையோடு வார இறுதியில் லீக் ஆடுபவர்களும் நிறைய. காசு வைக்காமல், குடிக்காமல், புகைக்காமல் ஆடும் 'ஆரோக்கிய மாஜோங்' முதியோரிடையே பரவியதால் கற்பிக்கும் வேலைக்கு நல்ல தேவை இருக்கிறது.

சூதாட்டம் பற்றி நேராகவே சொல்லிவிடலாம். ஜப்பானின் குற்றவியல் சட்டம் சூதாட்டத்தைத் தடுக்கிறது. ஆனாலும் காசு வைத்து மாஜோங் ஆடும் பழக்கம் நெடுங்காலமாக அங்கே உண்டு. இந்த விளையாட்டின் பெயர் கெட்டதும் அதனால்தான். சங்க லீக்குகளும் பட்டங்களும் பந்தயம் இல்லாதவை. எம் லீக் இன்னும் ஒரு படி மேலே போய், தொடக்கத்திலேயே சூதாட்டம் அறவே கூடாது என்று அறிவித்தது.

ஆறாம் படி: இப்போது எம் லீக்குக்கு வாருங்கள்

2018 ஜூலையில் இதை நிறுவியவர் சைபர்ஏஜெண்ட் என்ற இணைய நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஃபுஜிதா சுசுமு. வெறும் முதலீட்டாளர் அல்லர். 2014-இன் மாஜோங் சைக்யோசென்னை வென்றவர். ஜப்பான் கால்பந்தின் ஜே லீக்கை வளர்த்தெடுத்த கவபுச்சி சபுரோ உயர் ஆலோசகராக வந்து சேர்ந்தார். அணிகளை நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆகஸ்டில் நடந்த வீரர் தேர்வுக்குப் பிறகு ஏழு அணிகளோடு முதல் பருவம் தொடங்கியது: அகசாகா டிரைவன்ஸ், இஎக்ஸ் ஃபூரின்கசான், கொனாமி மாஜோங் ஃபைட் கிளப், ஷிபுயா அபேமாஸ், சேகா சம்மி ஃபீனிக்ஸ், டீம் ரைடென், யூ-நெக்ஸ்ட் பைரேட்ஸ். 2019-இல் கடோகவா சகுரா நைட்ஸ் எட்டாவதாகவும், 2023-இல் பீஸ்ட் ஒன்பதாவதாகவும் சேர்ந்தன. முதல் கோப்பை டிரைவன்ஸுக்கு, அடுத்தது பைரேட்ஸுக்கு.

எம் லீக் சட்டை போட வேண்டுமானால் மேலே சொன்ன ஐந்து சங்கங்களில் ஒன்றில் புரோவாக இருந்தாக வேண்டும். நடிகர் ஹகிவாரா மசாதோவின் மாஜோங் திறமை நாடறிந்தது. ஆனாலும் அவர் 2018-இல் ரென்மெய்யில் புரோவாகச் சேர்ந்த பிறகே ரைடெனுக்கு ஆடினார்.

வீரருக்குக் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 40 லட்சம் யென் என்று உறுதி தந்தார்கள். கோப்பைக்கு 5 கோடி யென். கட்டணம் கட்டி ஆடிவந்த ஒரு சமூகத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த நாற்காலிகள் 2,000-க்கும் மேற்பட்டவர்களில் சுமார் நாற்பது பேருக்கே.

அணிக்கு நால்வர், இரு பாலரும் கலந்து. ஒரு மேசையில் நான்கு அணிகள் மோதும், ஒரு நாளில் இரண்டு ஹான்சான், யாரை அனுப்புவது என்பது அணியின் முடிவு. செப்டம்பர் வாக்கில் தொடங்கும் முதற்கட்டம் மார்ச் வரை ஓடும். முதல் ஆறு அணிகள் அரையிறுதிக்கும், அதில் நான்கு இறுதிக்கும் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் சேர்த்த புள்ளியில் பாதியை மட்டுமே கொண்டுபோகலாம். மாதக்கணக்கில் உழைத்துப் பெற்ற 400 புள்ளி ஒரே இரவில் 200 ஆகிவிடும். மைனஸில் தத்தளித்த அணிக்கும் சுமை பாதியாகும். முடிவு மே மாதத்தில். தொடர்ந்து இரண்டு பருவம் இறுதிக்கு வராத அணி ஒரு வீரரையாவது மாற்ற வேண்டும் என்ற விதியும் கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் அழுத பிரிவுகள் அதனால் நடந்திருக்கின்றன.

ஏழாம் படி: பின்தொடரும் முறை

எம் லீக் ஆட்டங்கள் அபேமா என்ற இணைய ஒளிபரப்புத் தளத்தில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி மாலை 7 மணிக்கு நேரலை. நமக்கு அது பிற்பகல் 3:30. முழு ஆட்டம் பார்க்க நேரம் இல்லாதவர்கள் யூடியூபில் வரும் சுருக்கங்களில் தொடங்கலாம். சங்க லீக்குகளையும் சங்கங்களே தங்கள் அலைவரிசைகளில் ஒளிபரப்புகின்றன. சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு.

அணியை விட ஒரு வீரரைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். அவர் எந்தச் சங்கம், அங்கே எந்தப் பிரிவு, இந்த ஆண்டு ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று பாருங்கள். உவோதானி யூமியை எடுத்துக்கொண்டால், 2019-20 எம் லீக்கில் தனிநபர் முதலிடம் பெற்ற அவரை, எம் லீக்கில் ஆடிய காலத்தில் ரென்மெய் லீக்கிலும் சேர்த்து இரண்டு விதியில் பார்க்க முடிந்தது. பெயர்களைச் சீன எழுத்து வடிவிலேயே நகலெடுத்து ஒரு குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிப்பட்டியல் தேடும்போது அதுதான் கைகொடுக்கும்.

அப்புறம், நீங்களும் ஆடுங்கள். தென்ஹோ, மாஜோங் சோல் இரண்டிலும் இணையத்தில் ஆடலாம். முதல் இருபது ஆட்டத்தில் ரீச்சியும் தற்காப்பும் மட்டும் பழகினால் போதும். தென்ஹோவின் உச்சப் பட்டமான தென்ஹோயியை முதலில் எட்டியவர் 'அசபின்' என்ற பெயரில் ஆடிய அசகுரா. அவர் சைகோயிசென்னில் புரோவாகி, 2018-இல் பைரேட்ஸ் அணியின் முதல் மூவரில் ஒருவராக அமர்ந்தார்.